மைண்ட் வாய்ஸ் இல்லாத வில்லன்

1

“வெள்ளிக்கிழமை எபிசோட்ல அவன கொன்னுடு சார். லாரி மோதட்டும். சேனல்ல சொல்லிட்டாங்க.”

இயக்குநர் பாபு இதைச் சொன்னபோது, கொல்லப்பட வேண்டியவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் ஞானசேகரன், ஊரப்பாக்கத்துக்காரர். நாற்பத்தெட்டு வயதில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு எங்கள் தொடருக்கு வில்லனாக வந்தவர். இட்லி தொடர்ந்து உள்ளே போனது. கை மட்டும் சட்னி பக்கம் போகவில்லை.

நான் வசனகர்த்தா. அதற்கு முன் செங்கல்பட்டில் நாளிதழ் நிருபராக இருந்தேன். கோர்ட் செய்திகள் என் பொறுப்பு. மாமல்லபுரம் போகும் வழியில், கடலோர வாடகை பங்களா ஒன்றில் படப்பிடிப்பு. சரோஜா என்ற விதவையின் நிலத்தை ஒரு புரோக்கர் அபகரிக்கப் பார்க்கிறான் என்பது கதை. ஜனங்கள் பார்க்கவில்லை. பழி வில்லன்மேல் விழுந்தது.

விழ வேண்டிய இடம் வேறு. எங்கள் வில்லன் வாசலில் கால் வைத்து உறுமிச் சிரித்தாலே இடி இடிக்கும். வீட்டிலுள்ள ஐந்து பேரின் முகமும் ஆளுக்கு மூன்று முறை குளோசப்பில் திரும்பும். வந்தவன் திருடன் என்று தெரியாத ஒரே ஆள் சரோஜா. அதுவும் போதாதென்று மைண்ட் வாய்ஸ். சதித்திட்டம் முழுவதையும் அவன் மனதுக்குள் நமக்கு ஒப்பித்துவிடுவான். இந்தக் குரலை ஸ்டுடியோவில் பிறகு டப்பிங் செய்து சேர்ப்பார்கள். படப்பிடிப்பில் நடிகர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

கோர்ட் வராந்தாவில் நான் பார்த்த நில மோசடிக்காரர்களில் ஒருவர்கூட அப்படிச் சிரித்ததில்லை. என்னையே ‘டீ சாப்ட்டீங்களா சார்?’ என்று விசாரித்தவர்கள் உண்டு. ஏமாந்தவர்கள் கூண்டில் ஏறி ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “ரொம்ப நல்லா பேசினாருங்க.”

2

சாகப்போகிறவருக்கு ஒரு நல்ல காட்சியாவது இருக்கட்டும் என்று எழுதினேன். புரோக்கர் வருகிறான். நிலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. “சாப்ட்டீங்களாம்மா? பெரியவன் போன் பண்ணானா?” என்று கேட்கிறான். சரோஜா இல்லையென்று தலையசைக்கிறாள். அவன் அவளைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

“இன்னா சார் இது, வில்லனா பேங்க் மேனேஜரா? கெட்டவன்னு எப்டி தெரியும்?” என்றார் பாபு.

“மைண்ட் வாய்ஸ்ல சொல்லிடலாம்.”

“அப்ப ஓகே.”

ஞானசேகரன் பன்னிரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டு பார்த்தார். நாளுக்கு இரண்டு எபிசோட் எடுக்கும் அவசரத்தில் அந்தக் குரலை டப்பிங் செய்ய எல்லோரும் மறந்தார்கள். எபிசோட் அப்படியே ஒளிபரப்பானது.

“பன்னெண்டு செகண்டு ஊமையா போயிகீது! யார்ரா எடிட்டு?” என்று மறுநாள் காலை பாபு குதித்தார். பத்து மணிக்குச் சேனலிலிருந்து போன். அவன் திருந்திவிட்டானா, நடிக்கிறானா என்று இணையத்தில் ஜனங்கள் சண்டை போடுகிறார்களாம். இனி அவனைச் சாகடிக்கக் கூடாதாம். அந்த மௌனம் யாருடைய ஐடியா என்று கேட்டார்கள்.

“நம்மளுதுதான் சார்” என்றார் பாபு.

லாரி கதாநாயகனின் தம்பிமேல் மோதியது. அடுத்த வாரம் கதாநாயகனுக்கும் பன்னிரண்டு விநாடி மௌனம் கொடுத்தார்கள். வசனம் மறந்தவர் போல நின்றார்.

3

திருப்போரூரில் வெளிப்புறப் படப்பிடிப்பு. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஞானசேகரனிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று பாபு படம்பிடிக்கச் செல்போனை உயர்த்தினார். அந்தப் பெண் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“அண்ணே, இத்த கொஞ்சம் படிச்சி சொல்லு. கழனிக்கு பவர் எழுதிக் குடுன்னு புரோக்கர் கேக்குறாரு. திங்கக்கெழம கையெழுத்து.”

“நான் அதுல வில்லன்மா.”

“தெரியும். அந்தம்மாவ சாப்ட்டியான்னு கேட்டது நீ ஒருத்தன்தான? மத்ததுங்க அழுதுகினே கீதுங்க.”

“உங்க புரோக்கர் எப்டிம்மா?”

“தங்கமான மனுசன். வூட்டுக்கு வந்தா மொதல்ல சாப்ட்டியான்னுதான் கேப்பாரு.”

ஞானசேகரன் காகிதத்தை என்னிடம் நீட்டினார். படித்தேன். அதில் கையெழுத்திட்டால், அந்தப் பெண்ணைக் கேட்காமலேயே புரோக்கர் கழனி முழுவதையும் யாருக்கும் விற்கலாம். சொன்னேன்.

“போடாதீங்கம்மா. மொதல்ல ஒரு வக்கீலாண்ட காட்டுங்க” என்றார் ஞானசேகரன்.

அந்தப் பெண் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “இப்ப நீ நடிக்கலியே?” என்று கேட்டார். கவரை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

தொடரில் புரோக்கர் சரோஜாவிடம் கையெழுத்து வாங்கி நிலத்தை விற்கும் காட்சியை நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். பாபு தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். ஞானசேகரன் அவரிடம் போனார்.

“அத நாளைக்கே எடுங்க சார். சனிக்கிழமைக்குள்ள டிவில வரணும்.”

“இன்னாய்யா, புரிஞ்சிதான் பேசுறியா? வித்துட்டேன்னா நீ ஜெயிலுக்குப் போவணும். உன் கேரக்டர் அத்தோட குளோஸ். இப்பதான் ஜனங்களுக்கு உன்ன புடிச்சிகீது.”

“அதனாலதான் சார்.”

கையில் வேறு காட்சி தயாராக இல்லை. எடுத்தோம். சனிக்கிழமை ஒளிபரப்பானது. சாப்பிட்டீர்களா என்று கேட்டபடியே ஞானசேகரன் பேனாவை நீட்டுவார். சேனல் கோபப்பட்டது. இரண்டு வாரத்தில் ஞானசேகரனுக்கு வேலை முடிந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உறுமுகிறவனை யாரும் நம்புவதில்லை. அதனால் அவன் யாரையும் ஏமாற்றுவதுமில்லை. வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்கிறவனை எழுதுங்கள், ஜனங்கள் கதவைத் திறப்பார்கள். திறந்த பிறகு அவன் எதை எடுத்துக்கொண்டு போனான் என்பதையும் எழுதுங்கள். பாதியில் நிறுத்தினால் நீங்கள் எழுதியது கதையல்ல, புரோக்கருக்கு விளம்பரம்.