மாதிரிக்குத் தலை கொடுத்தவன்

ஒரு குதிரை வலியில்லாமல் ஓடுவதற்காக ஒரு மனிதன் தினமும் அவமானப்பட்டால், அதை நல்ல காரியம் என்று சொல்லலாமா? மச்சானைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். வந்ததாகத் தெரியவில்லை. சிரிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

கடிவாளம் தைக்கும் வார்க்காரரின் மனைவிக்குத் தம்பி அவன். அப்பா அம்மா போனபின் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். வார்க்காரர் ‘மச்சான்’ என்று கூப்பிட, பட்டறையும் தெருவும் அதையே பிடித்துக்கொண்டன. வாரின் விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்குவது அவன் வேலை. அது பாதிதான். மீதிப் பாதி, முக்காலியில் உட்காருவது.

வார்க்காரர் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. குதிரையின் தலையை அளந்துவந்து, அதே விகிதத்தில் மனிதத் தலைக்கு ஆகும்படி கழிவுத் தோலில் ஒரு மாதிரி தைப்பார். அதை மச்சானின் தலையில் மாட்டி, கொக்கிகளைப் பூட்டி, வாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுப்பார்.

“குதிரைக்குப் பேச வாய் இல்ல. உனக்கு இருக்கு, மூணு வேளையும் நல்லாவே வேலை செய்யுது. எங்க அழுத்துது, சொல்லு.”

மச்சான் சொல்வான். “காதுக்குப் பின்னாடி எலும்புல ஏறுது மாமா.” “மூக்குப்பட்டைக்குள்ள விரல் நுழையல.” அவன் சொன்னது தப்பியதே இல்லை. குதிரை வாய்க்குள் போகிற இரும்பை மட்டும் அவன் வாயில் வைப்பதில்லை. பதில் வர வேண்டுமே. எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் வாசலில் வந்து நின்று, “புல்லு வாங்கிட்டு வரவா மச்சான்?” என்பார். மச்சானும் சிரிப்பான். அவனே சிரித்ததால் அது வேடிக்கைதான் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

வாடகைக்குக் குதிரைவண்டி விடும் வண்டிக்காரருக்கு ஒரே மகள். வருகிற மாப்பிள்ளை தன் வீட்டோடு வந்து இருந்து லாயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அக்கா அலைந்து பேசி, தம்பி பேச்சை அவர் காதில் போட்டாள். பட்டறையை விட்டு வெளியேற மச்சானுக்கு இருந்த ஒரே வழி அது. பேச்சு முடியும்வரை தம்பியை முக்காலியில் உட்கார வைக்க வேண்டாம் என்று அவள் கெஞ்ச, வார்க்காரரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதனால் வண்டிக்காரரின் பெண்குதிரைக்குத் தைத்த புதுக் கடிவாளத்தின் மாதிரியை மட்டும் யார் தலையிலும் மாட்டிப் பார்க்கவில்லை. மாதிரி ஆணியிலேயே தொங்கியது.

ஒரு காலையில் வண்டிக்காரர் குதிரையோடு வந்து நின்றார். அது தலையை உதறிக்கொண்டே இருந்தது.

“ஆளையும் பார்த்த மாதிரி ஆச்சு, இதையும் சரி பண்ணின மாதிரி ஆச்சுன்னு வந்தேன். வாய் இரும்பு சரியில்ல போலிருக்கே?”

வார்க்காரருக்குச் சுருக்கென்றது. மனைவி பக்கம் திரும்பினார். “உன் பேச்சைக் கேட்டேன் பாரு.” ஆணியிலிருந்து மாதிரியை எடுத்தார். “மச்சான், உட்காரு.”

அக்கா கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள். “முடியாதுன்னு சொல்லுடா. ஒரே ஒரு வார்த்தை.”

அவன் உட்கார்ந்தான். வார்க்காரர் மாட்டி, பூட்டி, வழக்கத்தைவிடப் பலமாக இழுத்தார். மச்சானின் கழுத்து முறுக்கிக்கொண்டு போயிற்று.

“ஒரு தடவை கனைச்சுக் காட்டு. மாமனார் கேக்கட்டும்.”

சைக்கிள் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, அதைக் கழட்டிப் போட்டுட்டு எழுந்து வா. இப்பவே என்னோட கிளம்பு. மத்ததை நம்ம வீட்ல பேசிக்கலாம்.”

வார்க்காரரின் கை தளர்ந்தது. அக்கா தம்பியின் துணிமணி இருந்த அறைப் பக்கம் ஓரடி நகர்ந்தே விட்டாள்.

மச்சான் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது மறுபடி உதறியது.

“இரும்பு இல்ல. நெத்திப்பட்டை குட்டை,” என்றான். “தலைமேல போற வாரை முன்னாடி இழுத்துக் காது மேல ஏத்துது. அரை விரல் நீட்டணும்.”

“அது கிடக்கட்டும். நீ வர்றியா?”

“நீளமா ஒண்ணு வெட்டுங்க மாமா. போட்டுப் பார்த்துடலாம்.”

வண்டிக்காரர் முக்காலியை விட்டு விலகினார். “குதிரையை அழைச்சிட்டு வர ஆள் அனுப்பறேன்,” என்று வார்க்காரரிடம் சொன்னார். “பொண்ணு விஷயத்தை மறந்துடுங்க. என் லாயத்துல கட்டிப் போட ஏற்கெனவே நிறைய இருக்கு.”

மாதிரியில் புதுப் பட்டை தைத்துக் கோக்கும்வரை மச்சான் அசையாமல் இருந்தான். “இப்ப சரி மாமா,” என்று அவன் சொன்ன பிறகே கடிவாளத்துக்கான பட்டை வெட்டப்பட்டது. மாட்டியதும் குதிரை உதறுவதை நிறுத்திவிட்டது.

“நல்ல மிருகம்,” என்று வார்க்காரர் தட்டிக் கொடுத்தார், குதிரையை.

மச்சான் இரு கைகளும் மடியில் சும்மா கிடக்க, அந்த நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தான். கொக்கி அவன் கன்னத்துப் பக்கம், எட்டுகிற இடத்திலேயே இருந்தது. ஏன் கழற்றவில்லை என்று அக்கா பிறகு எத்தனையோ தடவை கேட்டாள். கோபமாக, அழுதுகொண்டு, கடைசியில் சும்மா பேச்சுக்கு. அவன் சொல்லவே இல்லை.