வாயில் வைக்காத ரெகுலேட்டர்

போர்ட் பிளேர் படகுத்துறைக் கொட்டகையில், சிலிண்டர்களில் பொருத்திய இரண்டு ரெகுலேட்டர்கள் மேசைமீது இருக்கின்றன. கடலடியில் வேலை செய்பவரின் வாய்க்குக் காற்றைத் தரும் கருவிகள் இவை. எதை வாங்கலாமென்று தேர்ந்து சொல்லவே, பௌதிகப் பேராசிரியனாக இருந்த என்னை மெயின்லாண்டிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். அச்சிட்ட விவரங்களைப் படித்து, முதலாவதைச் சுட்டி, அதன் பெயரைப் படிவத்தில் எழுதுகிறேன்.

"வாயில வச்சு ஒருக்கா இழுத்துப் பாருங்க சார்," என்கிறார் முக்குளிப்பவரான மாரியப்பன், இராமநாதபுரத்துக்காரர்.

சற்றுமுன் அவர் அதன் ரப்பர் வாய்ப்பகுதியைக் கவ்வியிருந்ததைக் கண்டவன் நான். என் கை நீளவில்லை. அவருக்குப் புரிந்துவிடுகிறது. குடிநீர்ப் பானையிலிருந்து மொண்டு இரண்டின் வாய்ப்பகுதியையும் கழுவுகிறார்.

"சாஃப் ஆயிருச்சு சார். நம்ம டீக்கடை கிளாஸுகூட இவ்வளவு சாஃபா இருக்காது."

"தேவையில்லை. விவரங்களே போதும்."

"கீழ போறது விவரம் இல்ல சார், நான்."

அவரே முதலாவதை வாயில் வைத்து இழுக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. இரண்டாவதில் மூச்சு இலகுவாக வருகிறது. அதை என் பக்கம் நகர்த்துகிறார்.

எழுதியதை அடித்துவிட்டு இரண்டாவதன் பெயரை எழுதுகிறேன். முகம் சுடுகிறது. படிவத்தின் அடியில், 'மூச்சிழுத்துச் சோதித்தவர்' என்ற இடத்தில் கையொப்பமிட வேண்டியவனும் நானே. இடுகிறேன். மை காய்வதற்காக மாரியப்பன் குனிந்து அதன்மேல் ஊதுகிறார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.