உப்புக் கோழிக்குஞ்சு

உம்மா எனக்கு டீச்சராக இருந்த அந்த ஒரு வருஷத்தை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. எங்கள் ஊர் நேசரிப் பள்ளிக்கு அவர்தான் ஒரே டீச்சர். எனக்கு ஐந்து வயது. வீட்டுப் படலையைத் தாண்டிவிட்டால் அவரை உம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் மகளுக்குத் தனிச் சலுகை கிடையாதாம். சலுகை கிடக்கட்டும், மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

நான் வாய் தவறி "உம்மா" என்றால் அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒருநாள் ரிஸ்னா என்ற பிள்ளையும் வாய் தவறி அவரை "உம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. உம்மாவும் சிரித்துக்கொண்டு, "என்ன மகள்?" என்று கேட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. போதாக்குறைக்கு ரிஸ்னாவுக்கு இரண்டு காதிலும் சிவப்புக்கல் தோடு. எனக்கு இடது காதில் மட்டும்தான் தோடு. வலது காது குத்திய இடத்தில் சீழ் பிடித்து, துவாரம் மூடிவிட்டது. அதற்கும் சேர்த்து அவளை எனக்குப் பிடிக்காமல் போனது.

நேசரியில் இருந்த ஒரேயொரு படப் புத்தகத்தை நாங்கள் இழுபறிப்பட்டுக் கிழித்துவிட்டோம். நாமே ஒன்று செய்வோம் என்றார் உம்மா. ஒரு கோழி தன் குஞ்சுகளைத் தேடிப் போகிற கதை. பக்கத்துக்கு ஒரு குஞ்சு, ஒவ்வொரு குஞ்சுக்கும் கீழே அதைச் செய்த பிள்ளையின் பெயர். கடைசிப் பக்கத்துக் கோழியை மட்டும் உம்மா செய்வார். புத்தளத்துக்குப் போய் பிரிஸ்டல் போட் அட்டை வாங்கி வந்தார். வாப்பா உப்பளத்தில் வேலை செய்ததால் உப்புக்குக் குறைவில்லை. உப்பில் மஞ்சளைக் கலந்து, குஞ்சின் உடம்பில் கம் பூசி, மேலே தூவினால், நிஜக் குஞ்சு போல மஞ்சளாகச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

என் குஞ்சுக்குக் கழுத்து கோணிப்போனது. "டீச்சர், இதக் கொஞ்சம் சரியாக்கித் தாங்க" என்றேன். "உனக்கு ஏலும், நீயே செய்" என்று சொல்லிவிட்டு, நேரே ரிஸ்னாவிடம் போய், அவள் கையைத் தன் கைக்குள் பிடித்து உப்புத் தூவினார். அந்தக் குஞ்சு அவ்வளவு வடிவாக வந்தது. டீச்சர் தன் மகளுக்குச் செய்து கொடுக்கிறா என்று ஊர் கதைக்கும், அதற்குப் பயந்துதான் அவர் என் பக்கம் வரவில்லை என்பதெல்லாம் ஐந்து வயதில் யாருக்குத் தெரியும்? நான் கண்டது அந்தக் கையை மட்டும்தான்.

எல்லாரும் கை கழுவக் குழாயடிக்குப் போன நேரம், ரிஸ்னாவின் பக்கத்தை எடுத்துப் பின்வாசல் படியில் வைத்தேன். பக்கத்து வளவு ஆடு எப்போதும் அங்கேதான் நிற்கும். உப்பு என்றால் அதற்கு உயிர். குஞ்சை ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒரு மணியும் மிச்சம் வைக்காமல் நக்கி முடித்தது. பிறகு பிரிஸ்டல் போட்டையும் ஒரு மூலையிலிருந்து தின்னத் தொடங்கியது. நான் நின்று முழுதும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது.

உம்மா பக்கங்களை அடுக்கும்போது, "ரிஸ்னாட குஞ்சு எங்க?" என்று மட்டும்தான் கேட்டார்.

"ஆடு நக்கினத்த நான் காணல்ல டீச்சர்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வேறு யாரையும் விசாரிக்கவில்லை. ரிஸ்னா விக்கி விக்கி அழுதாள். அடுத்த நாள் காலையில் பெற்றோர் வந்து புத்தகத்தைப் பார்ப்பதாக இருந்தது. "உன்ட குஞ்ச அவளுக்குக் குடு" என்றார் உம்மா. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் கோணல் கழுத்துக் குஞ்சுக்குக் கீழே இருந்த என் பெயரின் மேல் கடதாசி ஒட்டி, ரிஸ்னாவின் பெயரை எழுதினார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கோழியைச் செய்தார். அதன் செட்டைக்கு என் பழைய பூப்போட்ட கவுனை வெட்டினார். என் குஞ்சும் போயிற்று, என் கவுனும் போயிற்று. "வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். "எனக்கு வேணாம், டீச்சர்" என்றேன். வீட்டுக்குள்ளேயே மூன்று நாள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு நோகட்டும் என்று ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொன்னேன்.

சொன்னபடி அடுத்த நாள் காலையில் பெற்றோர் வந்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தத் துணிச் செட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ரிஸ்னாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். ஆட்டு விஷயத்தைத்தான் உம்மா கோழிக்குள் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வருஷம் முடியும்வரை அந்தப் புத்தகத்தை நான் தொடவேயில்லை.

போன மாதம் நேசரிக்குப் பெயின்ற் அடித்தார்கள். உம்மா அங்கிருந்து விலகிப் பல வருஷங்களாகிவிட்டன. பழைய சாமான்களோடு அந்தப் புத்தகத்தையும் ஒரு பையில் போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உப்பெல்லாம் கசிந்து போய், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கறைதான் மிச்சம். கடைசிப் பக்கத்தில் கோழி மட்டும் அப்படியே இருந்தது. என் கவுனின் பூக்கள் வெளுத்திருந்தன.

செட்டையைத் தூக்கினேன். உள்ளே கோழியின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குஞ்சு. அதற்கு இரண்டு காதும் வரைந்து, இடது காதில் மட்டும் ஒரு தோடும் வரைந்திருந்தார். மற்றக் காதில் ஒன்றும் இல்லை. பெயர் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை.

குஞ்சின் உடம்பு விரல்கள் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. எனக்குப் பிறகு அந்த நேசரிக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தச் செட்டையைத் தூக்கியிருக்கிறார்கள். நான் ஒருத்திதான் தூக்கவில்லை. அவர்கள் எல்லார் மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.