கொடி நகர்ந்த ஏரி

போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய ஸ்கூட்டர். ஓட்டியவர் எந்தக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தாரோ, நீல நீலமாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்தேன். பக்கத்து பைக்கில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து எரியும் அந்த வாசனை வந்தால் எனக்கு ஓர் ஏரி ஞாபகம் வரும், அதில் ஒரு மோட்டார் படகும் வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சிக்னல் விழுந்ததும் கிளம்பிப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் படகா என்று நீங்களும் சிரிப்பீர்கள். நியாயம்தான். பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததைவிட மணல் லாரி ஓடிப் பார்த்ததுதான் எங்களுக்கு ஜாஸ்தி. ஆனால் ஆம்பூரிலிருந்து நாட்றம்பள்ளி போகும் ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு ஏரி இருந்தது. கார்த்திகை மழைக்கு நிரம்பினால் பங்குனி வரை தாங்கும். தொண்ணூறுகளின் கடைசியில் பஞ்சாயத்தில் அதைப் போட்டிங்குக்குக் குத்தகை விட்டார்கள். எடுத்தவர் கரீம் பாய். அதுவரை டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தவர், இனிமேல் தோல் வாசனையே வேண்டாம் என்று ஏரிக்கு வந்தவர்.

வந்தவர் சும்மா வந்தாரா? படகின் பலகை சீட்டு உறுத்துகிறது என்று சொல்லி, ரிஜெக்ட் ஆன தோலாகப் பார்த்து வாங்கி, உள்ளே ஷூவுக்கு வைக்கும் ஃபோம் துண்டுகளைத் திணித்து, படகுக்கே மெத்தை தைத்துவிட்டார். தோல் வாசனை வேண்டாம் என்று ஓடி வந்த மனிதர்! முதல் மழையிலேயே சாயம் இறங்கியது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாராவது பின்பக்கம் காப்பிக் கலரோடு நடந்து போனால், போட்டிங் போய்விட்டு வருகிறார் என்று அர்த்தம். வேறு ஊரில் யாருக்காவது படகில் தோல் சீட்டுப் போடத் தோன்றுமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

பாயின் இன்னொரு ஏற்பாடு, கொடி. டேனரியில் கெமிக்கல் வரும் நீல டிரம் ஒன்றைக் கழுவி மூடி, கல் கட்டி ஏரி நடுவில் மிதக்கவிட்டு, அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். படகு அந்தக் கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். அதுதான் ஒரு ரவுண்டு. டிக்கெட் விலை பஞ்சாயத்து அச்சடித்தது. பாய் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பெட்ரோல் விலையோ யாரையும் கேட்டு ஏறுவதில்லை. பாய் என்ன செய்வார்? ஏரியைச் சுருக்கினார். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஏறும்போதும் கொடி கரையைப் பார்த்து நல்ல தூரம் நகரும். பேப்பர் படிக்காதவர்கள்கூடக் கரையில் நின்று, "இன்னா பாய், மறுபடி ஏத்திட்டானா?" என்று கேட்பார்கள். ஒரு தடவை விலை கொஞ்சம் இறங்கியபோது, கொடியைப் பின்னால் தள்ளச் சொல்லி ஒருவர் சண்டைக்கே போனார். "என் டிரம்முக்கு பின்னாடி போகத் தெரியாது சார்" என்று சொல்லி பாய் முடித்துவிட்டார்.

அப்போது நான் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஸ்டடி பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஸ்டாப் வாட்ச், கையில் அட்டை. ஒரு பெண் ஷூவின் மேல்தோலான அப்பர் ஒன்றைத் தைக்க எத்தனை விநாடி, நூல் மாற்ற எத்தனை விநாடி என்று அவள் தலைக்குப் பின்னால் நின்று குறிக்க வேண்டும். அந்த லைனில் என்னைப் பிடித்தவர்கள் யாரும் இல்லை. நான் வருவதைப் பார்த்தாலே பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். வேலை புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லி வேக எத்தனை நிமிஷம் என்று குறித்து அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறேன்.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். எனக்கு அப்பா சின்ன வயதிலேயே இல்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு டிபி வந்தது. இடது நெஞ்சில் நீர் கட்டி, அதை எடுத்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. உடம்பை விட்டுப் போனது ஊரை விட்டுப் போகவில்லை. முதலில் வந்த சம்பந்தம், யாரோ பக்கத்து வீட்டில் விசாரித்ததோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு டிபி என்ற வார்த்தையையே அம்மா வீட்டில் தடை செய்துவிட்டார். எஸ்தர் என்ற பெண்ணின் வீட்டிலிருந்து சம்பந்தம் கேட்டு வந்தபோது என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாத்திரை சாப்ட்டே, போய்டுச்சு. போனதை இன்னாத்துக்கு நீ கூப்ட்டு உக்கார வைக்கிறே?"

எஸ்தர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நர்ஸிடம் போய் நெஞ்சு நோயை மறைப்பதாவது! எனக்கு அது பெரிய பாவமாகவும் பட்டது, பெரிய முட்டாள்தனமாகவும் பட்டது. அவளிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால் இந்தச் சம்பந்தமும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. போட்டோவில்தான் பார்த்திருந்தேன், அதற்குள்ளாகவே அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசலாம், ஆனால் கண்ணை விட்டு மறையக் கூடாது என்று எஸ்தரின் அம்மா சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியணும், காதுக்குக் கேட்கக் கூடாது என்றால் எங்கே போவது? சர்ச் வளாகம் என்றால் ஊரே காதை நீட்டும். கடைசியில் ஏரிதான் பொருத்தம் என்று இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். உடனே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தனியாக டிக்கெட் எடுத்து, ஸ்டாப் வாட்ச்சை அழுத்திக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வந்தேன். சரியாக இருபத்திரண்டு நிமிஷம். வீட்டுக்கு வந்து திட்டம் போட்டேன். படிப்பு மூன்று நிமிஷம், வேலை நான்கு, அவளுடைய டூட்டி, சாப்பாடு, சர்ச் என்று வரிசையாகக் குறித்து, டிபியைப் பதினான்காவது நிமிஷத்தில் வைத்தேன். கை சூடேறிய பிறகுதான் கஷ்டமான வேலையைத் தர வேண்டும் என்பது எங்கள் லைனில் விதி. சொன்ன பிறகு எட்டு நிமிஷம் அவள் யோசிக்கலாம் என்று தாராளமாக விட்டுவைத்தேன்.

எஸ்தருக்கு நைட் டூட்டி மாறி மாறி வந்ததில் அந்தச் சந்திப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் பெட்ரோல் இரண்டு தடவை ஏறிவிட்டது. எல்லோரும் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். ஆனால் அந்த விலைக்கும் என் பதினான்காவது நிமிஷத்துக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் படித்தவன்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் பச்சைப் புடவையில் வந்தாள். சீட்டின் சாயம் தெரிந்தவன் என்ற முறையில் என் கைக்குட்டையை விரித்து அவளை உட்கார வைத்தேன். என் பேன்ட்டை மறந்துவிட்டேன். க்ரீம் கலர். பாய் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் என் படிப்பை நான் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. வேலையையும் கத்தினேன். கரையில் அம்மாக்கள் இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கையசைத்தார்கள். நான் என் அட்டவணைப்படி அவள் டூட்டிக்கு வருவதற்குள் படகு சாய்ந்து திரும்பியது.

"பாய், கொடி இன்னும் வரலையே?"

"தோ போச்சே சார். நீங்க மேடத்தையே பாத்துக்கினு இருந்தீங்க, கொடிய எங்க பாத்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். நீல டிரம் எனக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு மிதந்தது. போதாததற்கு, கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பாய் மோட்டாரை நிறுத்திப் படகைத் தானாக வழுக்கவிட்டார். அதுவும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலை. கரையில் இடித்தபோது பதிமூன்று நிமிஷம். எஸ்தருக்கு மீன் பிடிக்கும் என்பது வரை தெரிந்துகொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாய், இன்னொரு ரவுண்டு."

"சான்ஸே இல்ல சார். க்யூவைப் பாருங்க. டேங்க்ல அதுக்குத்தான் இருக்குது. பேசறது ஜாஸ்தி இருந்தா தோ அந்தத் துடுப்புப் படகை எடுத்துக்கோங்க. அதுக்கு விலையும் ஏறாது, ஒண்ணும் ஏறாது."

நான் தயங்கி நிற்கையில் எஸ்தர் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஏய், எங்க போறே?" என்று அவள் அம்மா எழுந்தார். "ஒரே ரவுண்டும்மா. வந்துர்றேன்" என்றாள்.

துடுப்பு பிடிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. படகு முதலில் வட்டமடித்தது, பிறகு பின்பக்கமாகப் போனது, பிறகு காற்று எதிரே அடித்ததில் அப்படியே நின்றது. வீம்புக்கு இழுத்தேன். மூச்சு வாங்கியது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டே சர்ச்சைப் பற்றி ஆரம்பித்தேன். எஸ்தர் பதில் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்தது கதை, எப்போது கரைக்குப் போகலாம் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். நான் எத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் நின்று வாட்ச் பார்த்திருக்கிறேன்! அது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"துடுப்பைக் கீழ வைங்க" என்றாள். "பேசாதீங்க. மூச்சு எண்றேன்."

எண்ணி முடித்தாள். என் நெஞ்சைப் பார்த்தாள். "இடது பக்கம் கம்மியா ஏறுது. எதுனா வந்துச்சா?"

மோட்டார் இல்லாத ஏரி அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கத்தத் தேவையில்லை. நான் ஒத்திகை பார்த்த நீளமான பேச்சு ஒன்று இருந்தது, அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"டிபி. இருபத்திரண்டு வயசுல. சரியாய்டுச்சு. சொல்ல வேணாம்னு அம்மா சொன்னாங்க. சொல்லணும்னுதான் வந்தேன்."

"ஆறு மாசமும் மாத்திரை சாப்ட்டீங்களா? நடுவுல உட்டீங்களா?"

"ஒரு நாள் கூட உடல."

அவள் தலையசைத்தாள். வார்டில் சார்ட்டில் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துடுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒன்று. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி அவள் கை அவ்வளவு பலம். என் கையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் படகு என் பக்கமே வட்டமடித்தது. ஸ்டாப் வாட்ச்சை அழுத்த மறந்துவிட்டதால் எத்தனை நிமிஷம் ஆனது என்று இன்றுவரை தெரியாது.

கரையேறியதும் எஸ்தரின் அம்மா, "இவ்ளோ நேரம் இன்னா பேசினீங்க?" என்று கேட்டார். என் அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். எஸ்தர் புடவையை உதறிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "மா, இவருக்கு டிபி வந்து ட்ரீட்மென்ட் முடிச்சிருக்காரு. ஒரு நாள் உடாம சாப்ட்டிருக்காரு. என் வார்டுல சொல்லிச் சொல்லியும் யாரும் அப்டி சாப்பிடறதில்ல. எனக்குச் சரி."

டீ டம்ளரைத் தாண்டி அம்மாவின் புடவையில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கவனிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக அடைத்து வைத்திருந்த அழுகை, அத்தனை பேர் எதிரில் வந்தது. எஸ்தரின் அம்மாவுக்கு அப்போதைக்குக் கோபம்தான். இருந்தாலும், "டீச்சர், டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஃபிளாஸ்க்கைக் கையிலிருந்து வாங்கினார். அவர் கோபம் தணிய ஒரு மாதமும், அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் பார்த்த என் எக்ஸ்ரே ஒன்றும் தேவைப்பட்டன. என் பேன்ட்டின் பின்பக்கத்தை யாரும் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கதை.

அதற்கப்புறம் கொடி வந்துகொண்டே இருந்தது. கடைசியில், கரையில் நிற்பவர் கொடி திரும்புகிறவருக்கு முறுக்கு எடுத்து நீட்டலாம் என்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. பாய் மோட்டாரை விற்றார். துடுப்புப் படகை யாரும் சீந்தவில்லை. இப்போது அவர் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறார், பெட்ரோல் பங்க் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஏரியில் பாதி சீமைக்கருவேலம். தண்ணீர் வருகிற வருஷத்திலும் படகு கிடையாது. நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கொடி பழைய இடத்திலேயே இருந்திருந்தால், அந்த மோட்டார் சத்தத்தில், பதினான்காவது நிமிஷத்தைச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக் கடத்தியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் போல. கல்யாணம் ஆன பிறகு, எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் மழைக்கு, அரிசிக்கு, எஸ்தரின் நல்ல மனசுக்கு என்று வரிசையாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வருவார். கடைசியில் கண்ணைத் திறக்காமல், "அந்த வருஷம் பெட்ரோல் விலையை ஏத்தினீரே ஆண்டவரே, அதுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பார். எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. பெட்ரோல் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் எங்கள் வீட்டில் ஆள் இல்லை.