நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு மேல் கொக்குகள்

மடத்துவெளியில் எனக்கென்று ஒரு சின்ன வீடும், பார்த்துக்கொள்வதற்கு ஒரு பெரிய வீடும் உண்டு. பெரிய வீடு என் பெரியப்பாவின் மகனுடையது. அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார். வளவைக் கூட்டி, கதவு ஜன்னல்களைத் திறந்து காற்றுப்பட விடுவது என் பொறுப்பு. அந்த வளவுக் கிணற்றில் மட்டும்தான் நல்ல தண்ணீர். சுற்றியுள்ள மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். ஆகவே எங்கள் ஒழுங்கையில் குடியிருப்போர் எல்லோரும் குடிக்க அங்கேதான் அள்ளுவோம். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புளி நிற்கிறது.

கடலுக்கு நடுவால் எங்கள் தீவுக்கு வரும் வீதியை அகலமாக்கத் தொடங்கியபோது கரையோரத்துக் கண்ணா மரங்களை வெட்ட வேண்டி வந்தது. சேற்றில் நிற்கும் அந்த மரங்களில்தான் கொக்குகளும் நீர்க்காகங்களும் பின்னேரங்களில் வந்து அடையும். அவற்றுக்கு வேறு இடம் செய்துகொடுத்த பிறகுதான் வெட்டலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம் பெண் உத்தியோகத்தர் வந்தார். வீதியிலிருந்து தள்ளி, ஆழமில்லாத கடலில் பனங்குற்றிகளை நட்டுக் குறுக்கே கம்புகளைக் கட்டினோம். நானும் கூலிக்குப் போயிருந்தேன். கம்புகளின் மேல் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார். வெள்ளையைக் கண்டால், முன்பே பறவைகள் தங்கி எச்சமிட்ட இடம் என்று நம்பி மற்றவை இறங்குமாம். உடனே வராது, மழைக்காலம் தொடங்கவேண்டும் என்றும் சொன்னார்.

என்னோடு நின்றவர்களுக்கு இது நல்ல பகிடியாகிவிட்டது. "கோயிலுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டா வரமாட்டான், கொக்குக்கு எண்டா ஓடி வாறான்" என்றார்கள். நான் வழக்கம்போலச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மிஞ்சிய சுண்ணாம்பை எனக்குத் தந்தார்கள். அந்த முறை திருவிழாவுக்கு அண்ணை குடும்பம் வருவதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருமுன் மதிலுக்கும் கிணற்றுக்கட்டுக்கும் வெள்ளையடித்து வைப்பது எங்கள் ஊரில் வழமை. புளியின் அடிமரத்துக்கும் சேர்த்து அடித்தேன். வெள்ளையடித்த தும்புக்கட்டை உதறியதில் தாழப் பதிந்த கொப்புகளிலும் தெறித்தது. பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவர்கள் கடைசியில் வரவில்லை.

கண்ணா மரங்களை வெட்டிய பிறகு பறவைகள் சில நாட்கள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தன. எங்கள் கம்புகளில் ஒன்றுகூட இறங்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் எல்லாமாக வந்து புளியில் இறங்கின.

அடுத்த நாளே கிணற்றுத் தண்ணீரில் எச்சம் மிதந்தது. வாளியைத் தூக்கினால் மீன் வெடில் மணத்தது. ஒழுங்கைக்காரர் லொறியில் வரும் பவுசர் தண்ணீருக்கு வீதியில் குடம் வைத்துக் காத்திருக்கத் தொடங்கினார்கள். பவுசர் சொன்ன நாளில் வராது. முன்வீட்டு அக்காவுக்கு முழங்கால் வருத்தம். அவ குடத்தோடு நொண்டி நொண்டி வந்து என் வாசல் படலையில் நின்றா.

"வெள்ளையடிச்சு வெத்திலை வைச்சுக் கூப்பிட்டனீர், வந்திட்டினம். இனி நீரே வைச்சுப் பாரும்" என்றா.

நான் அடித்த வெள்ளையால்தான் வந்தனவா என்று புளியைப் பார்க்க வந்த அந்த உத்தியோகத்தரிடமே கேட்டேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியும் இருக்கலாம், உயரமான மரம் என்பதாலும் இருக்கலாம் என்றார். பிறகு மேலே காட்டினார். நீர்க்காகங்கள் சுள்ளி காவிக்கொண்டு வந்தன. கூடு கட்டி முட்டையிட்டுவிட்டால் குஞ்சுகள் பறக்கும்வரை ஒருவரும் மரத்தைத் தொடக்கூடாது, கிணற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் கொப்பைத் தறிப்பதென்றால் அதற்கு முன்னரே தறிக்க வேண்டும், மற்றப் பக்கத்தை அப்படியே விடுங்கள் என்றார். இப்போதே தறிக்காவிட்டால் மழைக்காலம் முழுக்கக் கிணறு இல்லை.

மரம் அண்ணையுடையது. கேட்காமல் கத்தி வைக்க முடியாது. போன் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டதும் மரத்தை அடியோடு தறித்து விற்றுவிடச் சொன்னார். அவர் சொல்வதற்கெல்லாம் ஓம் என்று சொல்லியே பழகியவன் நான்.

"அது ஏலாது அண்ணை" என்றேன்.

"என்ன ஏலாது?"

"முழுக்கத் தறிக்க ஏலாது. மரம் போனா கிணறு வெய்யிலுக்க நிக்கும். சித்திரையில தண்ணி இருக்குமோ தெரியாது. கிணத்துக்கு மேல நிக்கிற கொப்பை மட்டும் எடுக்கிறன்."



"நீ எப்ப தொடக்கம் கதைக்கத் தொடங்கினனி?" என்றார். பிறகு, "சரி, செய். கொப்பு கிணத்துக்க விழுந்தா நீதான் இறங்கி எடுக்கிறது" என்றார். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

பறவைகள் இரைதேடிப் போயிருந்த பகலில் நானே ஏறினேன். கிணற்றைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருந்தோம். கொப்பில் கட்டிய கயிற்றை அக்காவின் மகன்மார் மறுபக்கம் இழுத்துப் பிடித்தார்கள். அக்கா படலையடியில் கதிரை போட்டு இருந்தபடி, கயிறு காணாது, படங்கு விலகுது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தா. கொப்பு வளவுக்குள்ளேயே விழுந்தது.

பின்னேரம் பறவைகள் வந்தன. கனநேரம் இறங்காமல் சுற்றின. அரைவாசி புளியின் மறுபக்கத்தில் இருந்தன. மிச்சம் கடல் பக்கம் போயின. மழை தொடங்கிய பிறகு நான் வீதியால் பஸ்ஸில் போகும்போது எங்கள் கம்புகளில் சில கொக்குகளைக் கண்டேன். உத்தியோகத்தர் சொன்னபடிதான் நடந்தது. அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாராம்.

கிணற்றை மிசின் வைத்து இறைத்தோம். ஊறிய தண்ணீர் இன்னும் மணத்தது. திரும்பவும் இறைத்தோம். மூன்றாம் முறைக்குப் பிறகு ஒருவரும் முதலில் குடிக்க முன்வரவில்லை. அக்கா கையில் ஏந்தி மணந்து பார்த்து, ஒரு வாய் குடித்தா. மகனைக் கூப்பிட்டுக் குடத்தை நிரப்பச் சொன்னா.

இப்போதும் அவ அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறா. ஆனால் பவுசர் கோர்ன் அடிக்கும்போது எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் குடத்தோடு போவதில்லை.