என் கையையும் மறுத்த நாய்

வேட்டை நாய்களைப் பழக்கியே எனக்கு அலுத்துவிட்டது. நாய்களால் அல்ல, வளர்ப்பவர்களால். பெரம்பலூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர், தன் கையால் வைத்தால் மட்டுமே நாய் சாப்பிட வேண்டும் என்றார். திருடன் விஷம் வைத்துவிடுவானாம். அப்படியே பழக்கிக் கொடுத்தேன்.

பிறகு அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் மனைவி ஆளனுப்பினார். போனேன். சோற்றுத் தட்டுக்கு எதிரே எலும்பும் தோலுமாகக் கிடந்தது நாய்.

"நீங்க வச்சாலாவது தின்னுதான்னு பாருங்க" என்றார் அந்தம்மா.

என் கையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வண்டியில் போட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோனோம். அவர் எழுந்து வந்து, தன் கையால் ஊட்டிய பிறகுதான் தின்றது.

இப்போதெல்லாம் வீட்டில் இரண்டு பேர் கையாலாவது சாப்பிடும்படிதான் பழக்குகிறேன். எஜமானருக்கும் காய்ச்சல் வரும் என்பது நாய்க்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.