பின் சீட்டில் ஓர் ஆதரவாளர்

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு வகுப்பு. ஓரங்கட்டப்படும் சக ஊழியருக்குத் துணை நிற்பது எப்படி? ஒரு மணி நேரம் பேச்சு, ஆளுக்கொரு கப் கேக், கடைசியில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் — 'நான் உங்கள் பக்கம்'. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் அடியேன்தான்.

எங்களுடையது அபுதாபி முசஃபாவில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனி. அங்கே இருக்கும் ஒரே லத்தீன் அமெரிக்கப் பெண் டேனியலா. சொந்த நாடு கொலம்பியா. ஆனால் சைட்டில் எல்லோருக்கும் அவர் 'பிரேசில் மேடம்'. தமிழர்களான நம்மை யாராவது 'மலபாரி' என்று கூப்பிடட்டும்... ரத்தம் எப்படிக் கொதிக்கிறது!

பிளானிங் மேனேஜர் ராஜினாமா செய்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவர் டேனியலா. பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் எங்கள் கம்பெனியில் முடிவுகள் மீட்டிங்கிலா எடுக்கப்படுகின்றன? மாலை நாலு மணிக்கு ஜி.எம். காரில், அவரையும் சேர்த்துத் தமிழர்கள் நாலு பேர் கிளம்புவோம். கஃபட்டீரியா வாசலில் ஹாரன் அடித்தால் கரக் டீ காருக்கே வரும். டீ தீர்வதற்குள், தமிழிலேயே, கம்பெனியை நடத்தி முடித்துவிடுவோம். வகுப்பு நடந்த அன்றும் போனோம்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் செய்யுது. ஆனா சைட்ல நம்ம ஆளுங்க அது பேச்சைக் கேப்பானுங்களா? செல்வத்துக்கே குடுத்துருவோம். கலாஸ், முடிஞ்சுது!" என்றார் ஜி.எம்.

முன் சீட்டில் சைட் இன்ஜினியர் செல்வம் கூச்சத்தோடு சிரித்தான். பின் சீட்டில், பேட்ஜும் கையுமாக இருந்த நான் வாயைத் திறந்தேன்.

"டீ இன்னிக்கு நல்லாருக்கு சார்."

அவ்வளவுதான் என் வீரம்.

மறுநாள் காலை செல்வம் டேனியலாவிடமே போய், ஷெட்யூல் போடச் சொல்லித்தரும்படி கேட்டிருக்கிறான். அவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இது எந்த மீட்டிங்கில் முடிவானது? எனக்கு அழைப்பே வரவில்லையே?"

"மீட்டிங் இல்லை... டீ குடிக்கும்போது..."

"நீங்கள் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"என்ன சொன்னீர்கள்?"

சொன்னதைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம் — அதற்கும் துணிச்சல் வேண்டுமே!

அவர் கத்தவில்லை. என் பேட்ஜை நிதானமாக ஒருமுறை படித்தார். "எனக்கும் டீ பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜி.எம்.மின் கார் ஐந்து பேர் உட்காரும் கார். மிச்சமிருக்கும் அந்த ஒரு சீட்டில் தினமும் நாங்கள் உட்கார வைப்பது — சமோசா பொட்டலத்தை.